திருப்பி வைத்த திரை

அந்த நர்ஸ் மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பதை அவன் முதலில் பார்த்தது நேற்று. குழந்தையின் கையில் புது ஊசி ஏற்ற முயன்றுகொண்டிருந்தார்கள். இடைஞ்சலாக இருக்கும் தண்ணீர்ச் செம்பை நகர்த்துவதுபோல ஒற்றை விரலால் திருப்பினாள். எண்கள் அவன் பார்வையிலிருந்து மறைந்தன. வேலை முடிந்ததும் பழையபடி திருப்பிவிட்டுப் போய்விட்டாள். வேறு எந்தத் தகப்பனும் இதைக் கவனித்திருக்க மாட்டான்.

அவன் கவனித்தான். தராசுகளைச் சோதிப்பது அவன் வேலை. அரசாங்கச் சம்பளம். பித்தளை எடைகள் அடங்கிய பெட்டியோடு அவன் படியேறினாலே கடைக்காரர்களின் முகம் மாறும். முன்னால் நின்றால் சார். முதுகைத் திருப்பினால் ‘படிக்கல்’. எடைகளை எடுத்து வைப்பதெல்லாம் பிற்பாடுதான். எண் தெரியும் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான் அவன் முதலில் பார்ப்பான். வாங்குபவர் பக்கம் இருக்க வேண்டும். விற்பவர் பக்கம் மட்டும் திரும்பியிருந்தால் எங்கோ ஒரு கட்டைவிரல் தட்டின்மேல் இருக்கிறது என்று அர்த்தம். கேட்டால், “இடமில்ல சார், அதான் இப்படி வெச்சேன்” என்பார்கள். இடம் எப்போதும் இருக்கும்.

அதனால் நேற்றிலிருந்து அவன் அந்த நர்ஸின் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வெளியே பெஞ்சில் காத்துக் கிடக்கும் பெற்றோர்கள் அவளுக்குக் ‘கர்ஃப்யூ’ என்று பேர் வைத்திருந்தார்கள். அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும். ஐம்பதை நெருங்கும் வயது. நடக்கும்போது செருப்புச் சத்தம் கேட்காது. அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

குழந்தை பிறந்த அன்றே அதன் அம்மா போய்விட்டாள். பிரசவ அறைக் கதவுக்கு வெளியே அவனை நிற்க வைத்திருந்தார்கள். கதவு திறந்த ஒவ்வொரு முறையும் யாராவது தலையை நீட்டி, “எல்லாம் நல்லா போய்ட்டிருக்கு” என்றார்கள். கடைசியாக வந்தவர் அதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் அழவில்லை. சாப்பிட்டான். சவரம் செய்துகொண்டான். குழந்தையைப் பார்க்க வந்தான். நல்லா போய்ட்டிருக்கு என்று யார் சொன்னாலும் முதுகுத்தண்டு சில்லிட்டது. அது ஒன்றுதான் அவனுக்குள் இன்னும் வேலை செய்தது.

மாதம் நிறையாமல் பிறந்த பெண். தொட்டிலில் மாட்டிய அட்டையில் அம்மாவின் பெயரை எழுதி, அதற்குக் கீழே ‘பெண் குழந்தை’ என்று போட்டிருந்தார்கள். அவன் பெட்டியில் ஒரு கிலோ எடை ஒன்று உண்டு. குழந்தை அதைவிடக் குறைவு. மூக்கில் காற்றுக் குழாய். ரத்தத்தில் கிருமி புகுந்து வயிறு பானைபோல வீங்கியிருந்தது. பாலை நிறுத்திவிட்டார்கள். மருந்தும் ஆகாரமும் ரத்தக்குழாய் வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் கையிலும் காலிலும் இருந்த நூல்போன்ற நாளங்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டன. இடது காலில் ஒரே ஓர் ஊசி மட்டும் தாக்குப்பிடித்தது. அதுவும் எந்த நேரத்திலும் போகலாம்.

காலையில் அவன் டீ வாங்கிக்கொண்டு திரும்பியபோது, நடைபாதையின் கோடியில் அவன் மனைவியின் அண்ணனும் டாக்டரும் தலைகளைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவனைக் கண்டதும் பேச்சு அறுந்தது. டாக்டர் கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பைச் சரிசெய்துகொண்டே உள்ளே போய்விட்டார்.

“என்ன மச்சான் சொன்னாரு?”

“என்ன சொல்வாரு? பாக்கலாம்னாரு.”

“அதச் சொல்லவா இவ்ளோ நேரம்?”

“மெதுவா சொன்னாரு மாப்ள.”

மச்சான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வாழ்க்கையில் பாதியைப் பக்கத்து இருக்கையில், பிரேக்கின்மேல் கால் வைத்தபடி கழித்தவர். எதற்கும் ஒரு வேடிக்கைப் பதில் வைத்திருப்பார். எதைக் கேட்டாலும் ‘பாக்கலாம்’ என்று சொல்லும் அந்த இளம் டாக்டருக்குப் ‘பாக்கலாம் டாக்டர்’ என்று பட்டம் கட்டியவரும் அவர்தான். தங்கை போன பிறகும் வேடிக்கையை நிறுத்தவில்லை. ஆனால் இன்று டீ கிளாஸை வாங்கும்போது அவர் கண்ணைப் பார்க்கவில்லை. அவன் அதையும் குறித்துக்கொண்டான்.

சற்று நேரத்தில் டாக்டர் அவனைக் கூப்பிட்டு விளக்கினார். முழங்கைப் பக்கத்து நாளத்தில் ஊசி வழியாக ஒரு நீளமான மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் நுனியை இதயத்துக்குப் பக்கம்வரை கொண்டுபோக வேண்டும். உள்ளே போய்விட்டால் வாரக்கணக்கில் நிற்கும். மருந்து, ஆகாரம் எல்லாம் அதன் வழியே கொடுக்கலாம். போகாவிட்டால் கழுத்தில் அறுத்துத்தான் வைக்க வேண்டும்.

“அறுக்கணும்னா அவ தாங்குவாளா?”

டாக்டர் பாக்கலாம் என்று சொல்லவில்லை. “அந்த நெலமைக்குப் போகாம இருக்கணும்னுதான் இத செய்றோம்” என்றார். “ஒரு உதவி வேணும். தொட்டாலே அவளுக்கு இதயத் துடிப்பு எறங்கிடுது. செய்யும்போது நீங்க உள்ள வந்து அவளப் புடிச்சிக்கணும்.”

“நானா?”

“அப்பா அம்மா புடிச்சா கொழந்தைங்க அமைதியா இருக்கும்.”

அவனுக்குள் ஏதோ பூட்டிக்கொண்டது. அன்றைக்கு வெளியே நிற்கச் சொன்ன ஆஸ்பத்திரி. இன்றைக்கு உள்ளே வா என்கிறது. போன வாரம் ஜன்னலோரத் தொட்டிலின் பெற்றோரை இப்படித்தான் கூப்பிட்டார்கள். துணிமறைப்பைச் சுற்றிலும் இழுத்துவிட்டார்கள். குழந்தையை அந்த அம்மாவின் கையில் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் யாரும் அவளைத் தொடக்கூட விட்டதில்லை. சாயங்காலம் அந்தத் தொட்டில் காலியாக இருந்தது. மெத்தையைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள்.

“டாக்டர், நேராக் கேக்கறேன். கடைசியா ஒரு தடவ தொட்டுக்கோன்னு கூப்புடுறீங்களா?”

டாக்டர் ஒரு கணம் நின்றார். “இல்ல” என்றார்.

அந்த ஒரு கணத்தை அவன் நிறுத்துப் பார்த்தான். கனமாகத்தான் இருந்தது.

“எங்க மச்சான்கிட்ட என்ன பேசிட்டிருந்தீங்க?”

“அத நீங்க அவர்கிட்டயே கேளுங்க சார்” என்று சொல்லிவிட்டு டாக்டர் கைகழுவப் போனார்.

கேட்க நேரம் கொடுக்கவில்லை. கர்ஃப்யூ வந்து நின்றாள். முழங்கைவரை கழுவச் சொன்னாள். மோதிரத்தைக் கழற்றச் சொன்னாள். கல்யாண மோதிரம். சோப்பு போட்ட பிறகும் வரவில்லை. அவள் அவன் விரலைப் பிடித்து, திருகித் திருகி, வலிக்காமல் உருவி எடுத்து, ஒரு பஞ்சுத் துண்டில் சுற்றி அவன் சட்டைப் பையில் போட்டாள். அவள் கையில் அது இருந்த நேரமெல்லாம் அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி கழுவச் சொன்னாள். பிறகு அவன் விரல்களைத் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்தாள்.

“ஐஸ் மாதிரி இருக்கு. இந்தக் கையோட தொட்டா புள்ள பயந்துடும்.”

வெதுவெதுப்பான துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவன் இரண்டு கைகளையும் பொதிந்துவைத்தாள். அவன் பொட்டலம் கட்டப்பட்டவன்போல நின்றான்.

“நல்லாக் கேட்டுக்கங்க சார். தடவக் கூடாது. தட்டிக்கொடுக்கக் கூடாது. ஒரு கை தலைமேல. இன்னொரு கையால காலு ரெண்டையும் மடக்கி, வயித்துக்குள்ள இருந்த மாதிரி சுருட்டிப் புடிச்சிக்கணும். அவ்ளோதான். கை அசையவே கூடாது.”

“எவ்ளோ அழுத்தி?”

“அழுத்தவே கூடாது. கையோட எடை மட்டும்.”

கையோட எடை. அது குறைவில்லை என்று அவனுக்குத் தெரியும். ஒரு ஆண்பிள்ளையின் கை, மணிக்கட்டுவரை, இந்தக் குழந்தையில் பாதி இருக்கும்.

குழந்தையைச் சூடு காட்டும் விளக்கின்கீழ் வைத்திருந்தார்கள். வலது கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டி, மேலே பச்சைத் துணி விரித்து மூடியிருந்தார்கள். துணியின் அடியில் கைவிட்டு அவன் தலையைப் பிடித்தான். உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. இன்னொரு கையில் கால்கள். தீக்குச்சிகள்போல இருந்தாலும் உதைத்தன. பிறகு அடங்கின. பிறந்ததிலிருந்து அவன் அவளை முழுதாகப் பிடித்தது இதுதான் முதல் தடவை. அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எதுவும் தோன்றாதது அவனுக்குப் பழகியிருந்தது.

காலில் மிச்சமிருந்த ஊசி வழியாக வலிக்கு மருந்து கொடுத்தார்கள். டாக்டர் முகமூடியும் கையுறையுமாக எதிரே உட்கார்ந்தார்.

கர்ஃப்யூ கையை நீட்டி மானிட்டரைத் திருப்பினாள்.

“அத ஏன் திருப்பறீங்க?”

“வெளிச்சம் கண்ணுல அடிக்குது சார்.”

வெளிச்சம். எந்த வெளிச்சமும் அடிக்கவில்லை. இடமில்ல சார் என்பதுபோலத்தான் அதுவும் இருந்தது.

அவன் வாதாடவில்லை. கடைகளிலும் வாதாட மாட்டான். பார்க்காதவன்போல நின்று பார்ப்பான். சுவரோரமாகக் காலியான கண்ணாடிப் பெட்டி ஒன்று கிடந்தது. குழந்தை இல்லாத பெட்டி. அதன் பக்கச்சுவரில் மானிட்டரின் எண்கள் பச்சையும் நீலமுமாக, இடவலம் மாறித் தெரிந்தன. கண்ணாடி பதித்த கடைகளில் இப்படிப் புரண்டு தெரியும் எண்களைப் படித்துப் பழகியவனுக்கு இது பெரிய காரியமில்லை. பச்சை இதயத் துடிப்பு. நீலம் ரத்தத்தில் இருக்கும் பிராணவாயு. நீலம் தொண்ணூற்று மூன்று. தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் அங்கே நிறுத்தினான்.

டாக்டர் ஊசியை இறக்கினார். நீலம் தொண்ணூறானது. எண்பத்தேழு. அவன் மூச்சை அடக்கினான். எண்பத்தொன்று. பச்சையும் சரியத் தொடங்கியது. அலாரம் ஒரு கீச்சுக் குரல் கொடுத்தது. அந்தக் கணமே கர்ஃப்யூ ஒரு பொத்தானை அழுத்தி அதன் வாயை அடைத்தாள்.

அதைத்தான் அவன் எதிர்பார்த்திருந்தான்.

“நிறுத்துங்க டாக்டர்” என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். டாக்டர் ஊசியை வெளியே எடுத்தார். பஞ்சில் சிவப்பு பரவியது. நாளம் உடைந்துவிட்டது. காற்றைக் கூட்டினார்கள். எண்கள் மெல்ல ஏறின. அவள் அவன் பக்கம் திரும்பி, “கொஞ்சம் ஓய்வு குடுக்கலாம்” என்றாள். நல்லா போய்ட்டிருக்கு என்பதன் இன்னொரு உருவம்.

இரண்டாவது முயற்சி. வேறொரு நாளம், சற்று மேலே. இந்தத் தடவை ஊசி உள்ளே போய்விட்டது. டாக்டர் இடுக்கியால் மெல்லிய குழாயைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தார். அவன் கண் கண்ணாடிப் பெட்டியில். தொண்ணூற்றிரண்டு. எண்பத்தெட்டு. எண்பது. எழுபத்தி... கால்கள் அவன் கையை முட்டி உதைத்தன. மறுபடி பொத்தான். மறுபடி அந்தத் தணிந்த குரல், “நிறுத்துங்க.” குழந்தை துள்ளியதில் ஊசி நழுவிவிட்டது. குழாயை வெளியே இழுக்க வேண்டியதாயிற்று.

டாக்டரின் நெற்றியில் வியர்வை. “இன்னும் ஒரு தடவதான் சார்” என்றார். “இதுக்கு மேல அவளத் தொந்தரவு பண்ண முடியாது. வேற நல்ல நாளமும் இல்ல.”

அவர் சொல்லாமல் விட்டது அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது.

அவன் கர்ஃப்யூவைப் பார்த்தான். “சிஸ்டர், அத என் பக்கம் திருப்புங்க.”

“வேணாம் சார்.”

“திருப்புங்க. ரெண்டு தடவையும் எறங்கினத நான் அந்தப் பெட்டியில பாத்தேன். அலாரத்த அமுக்குறீங்க. எண்ண மறைக்கிறீங்க. வெளிச்சம்னு சொல்றீங்க. என்ன மறைக்கப் பாக்குறீங்க? எதையோ தப்பா செஞ்சுட்டு அத மூடப் பாக்குறீங்களா?”

குரல் உயரவில்லை. கடைக்காரர்களிடம் பேசும் அதே குரல். டாக்டர் கையை உயர்த்தி வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கர்ஃப்யூ காலிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவனை. “அதுல பாத்துட்டே இருந்தீங்களா?” என்றாள். கோபமாக இல்லை. தொலைந்த சாவி கிடைத்தவள்போல. மானிட்டரின் கழுத்தைப் பிடித்து முழுக்க அவன் பக்கம் திருப்பினாள்.

“பாருங்க. இப்ப யாரும் அவளக் குத்தல. ஊசி இல்ல, ஒண்ணும் இல்ல. டாக்டர் கை அங்க இருக்கு, என் கை இங்க இருக்கு. எண்ணப் பாருங்க. கூடவே உங்க கையையும் பாருங்க.”

நீலம் தொண்ணூற்று நான்கு. குழந்தைகளுக்கு இயல்பாக வரும் சிறு சரிவு ஒன்று வந்தது. தொண்ணூற்றொன்று. அவ்வளவுதான். அங்கேயே நின்றிருக்க வேண்டியது. ஆனால் தொண்ணூற்றொன்றைக் கண்டதும் துணியின் அடியில் தன் விரல்கள் மடங்குவதை அவன் பார்த்தான். விரல்முட்டிகள் துணியைத் தூக்கிக்கொண்டு எழும்பின. எண்பத்தாறு. இன்னும் இறுகின. எண்பத்திரண்டு. அலாரம் கீச்சிட்டது.

அவள் தன் உள்ளங்கையை அவன் புறங்கையின்மேல் வைத்தாள். “கைய லேசாக்குங்க.”

அவன் மூச்சை விட்டான். விரல்கள் அவிழ்ந்தன. எண்பத்தைந்து. தொண்ணூறு. தொண்ணூற்று மூன்று.

ஒரு தடவை எடைபோட்டதை வைத்து அவன் எந்தத் தராசையும் தீர்மானிப்பதில்லை. சோதித்துப் பார்க்க இங்கே இன்னொரு தடவை தேவைப்படவில்லை. அடுத்த சரிவு தானாக வந்தது. கை தானாக இறுகியது. எண் தானாக விழுந்தது. அவள் மறுபடி அதையே சொன்னாள்.

கையை எடுங்க என்பது அவன் ஒவ்வொரு கடையிலும் சொல்லும் வார்த்தை. கையை எடுங்க, அப்புறம் எண்ணைப் பார்ப்போம். இந்த அறையில் தட்டின்மேல் இருந்த கட்டைவிரல் அவனுடையது.

அவனுக்குக் காது அடைத்துக்கொண்டது. அவ்வளவு நேரமும் அந்தச் சின்னத் தலையை ஒரு பிடியில் நசுக்கிக்கொண்டிருந்தானா? அப்படியில்லை என்று அவள் தலையசைப்பதைப் பார்த்த பிறகுதான், வாய்விட்டுக் கேட்டிருக்கிறான் என்று புரிந்தது.

“நசுக்கல சார். இறுகுது. அவ்ளோதான். எல்லாருக்கும் இறுகும். என் புள்ளைக்கு ஊசி போடும்போது எனக்கும் இறுகுச்சு. கை இறுகினா புள்ள மூச்ச நிறுத்திடுது. அதான் எண்ண நான் பாக்கறது, புள்ளய நீங்க பாக்கறது.”

“மொதல்லயே சொல்லியிருக்கலாமே.”

“கை இறுகக் கூடாதுன்னு சொன்னா இன்னும் இறுகும். சொல்லிப் பாத்திருக்கேன்.”

“அதுக்காகப் பொய் சொன்னீங்க. வெளிச்சம்னு.”

“ஆமா.”

எத்தனையோ கடைகளில் எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறான். ஒருவர்கூட ஆமா என்று சொன்னதில்லை.

“திருப்பிடுங்க” என்றான். “ஆனா எறங்கினா சொல்லணும். எவ்ளோன்னு வேணாம். எறங்குதுன்னு.”

“சொல்றேன்.”

“நல்லா போய்ட்டிருக்குன்னு சொல்லக் கூடாது.”

அவள் அவனைப் பார்த்தாள். அட்டையில் இருந்த பெயரையும் பார்த்தாள். “சொல்ல மாட்டேன்” என்றாள். திரையைத் திருப்பினாள். பிறகு தானாகவே போய், அந்தக் காலிப் பெட்டியின்மேல் ஒரு துண்டை விரித்துப் போட்டுவிட்டு வந்தாள்.

“எதாவது பேசுங்க சார். பேசினா கை மறந்துடும்.”

பேசுவதற்கு அவனிடம் என்ன இருந்தது? மகளிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. தாலாட்டு வராது. அவள் அம்மாவைப் பற்றிப் பேசினால் கை என்னவாகும் என்று தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்.

“ஒரு மீன்கடைக்காரர் இருந்தாரு” என்று ஆரம்பித்தான். பச்சைத் துணியைப் பார்த்துச் சொன்னான். “ரொம்ப மரியாதையான ஆளு. போனா நாற்காலி போடுவாரு. தராசு சரியா இருக்கும். என் எடையெல்லாம் வெச்சுப் பாப்பேன், ஒரு குண்டுமணி வித்தியாசம் இருக்காது. ஆனா ஜனங்க, ஏமாத்தறாருன்னு எழுதிப் போட்டுட்டே இருந்தாங்க.”

“ஊசி போகுது” என்றாள் கர்ஃப்யூ.

“என் எடை பித்தளை. அதுல காந்தம் புடிக்காது. அவரு மீன வெச்சு நிறுக்கறது தனியா ஒரு இரும்புத் தட்டுல. தராசுக்கு அடியில ஒரு காந்தம். எனக்கு ஒரு எடை, ஊருக்கு ஒரு எடை.”

“எறங்குது.”

அவன் நிறுத்தவில்லை. கை என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை. துணியின் அடியில் குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவது மட்டும் உள்ளங்கையின் ஓரத்தில் தெரிந்தது.

“எப்படிக் கண்டுபுடிச்சேன்னு கேளு. எழுந்து போகும்போது என் சாவிக்கொத்து தட்டுக்குப் பக்கத்துல கெடந்துச்சு. அது தானா நகர்ந்து போய்த் தராசுல ஒட்டிக்கிச்சு. ரெண்டு பேரும் அதையே பாத்துட்டு நின்னோம். அப்புறம் அவரு சொல்றாரு, ‘சாவிக்கே எங்க கடை புடிச்சுப் போச்சு பாருங்க சார்.’”

முகமூடிக்குள் டாக்டர் குலுங்கினார். “சிரிக்க வெக்காதீங்க சார். கை ஆடுது.”

“நின்னுடுச்சு” என்றாள் கர்ஃப்யூ. “ஏறுது.”

இடுக்கி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போனது. அவன் அடுத்த கடைக்குப் போனான். அதற்கடுத்த கடைக்கும். எறங்குது என்று இன்னும் இரண்டு தடவை வந்தது. ஏறுது என்றும் வந்தது. சொல்லாமல் விட்டாளா என்று ஒரு தடவை சந்தேகப்பட்டான். அந்தச் சந்தேகம் கைக்குப் போகுமுன் அடுத்த கடைக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டான். ஒரு கட்டத்தில் டாக்டர் நிமிர்ந்தார். குழாயின் வாலில் சிறிய ஊசிக்குழலைப் பொருத்தி இழுத்தார். சிவப்பாக ஒரு நூல் திரும்பி வந்தது.

“உள்ள இருக்கு” என்றார். “நுனி எங்க நிக்குதுன்னு படம் எடுத்துப் பாத்துடணும்.”

எக்ஸ்ரே எடுக்க எல்லோரும் வெளியே போக வேண்டும் என்றார்கள். கையை எடுக்க அவனுக்கு மனமில்லை. கர்ஃப்யூ கனமான ஈயச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, அவன் கை இருந்த இடத்தில் தன் கையை வைத்தாள். முதலில் தலை. பிறகு கால். அவன் ஒவ்வொரு கையாக உருவிக்கொண்டான்.

நடைபாதையில் மச்சான் உட்காராமல் நின்றிருந்தார். அவனைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் முகத்தில் எதையாவது படிக்க முடியுமா என்று பார்த்தார். அந்த முகத்தில் கொஞ்ச நாளாக எதுவும் எழுதியிருக்கவில்லை.

“உள்ள போயிடுச்சு மச்சான். படம் எடுக்கறாங்க.”

மச்சான் சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடித் திறந்தார்.

“காலையில டாக்டர்கிட்ட என்ன பேசினீங்க?”

“விட மாட்டியே. உன் தொழில் புத்தி.”

“சொல்லுங்க.”

“அவரு என்னத்தான் உள்ள வரச் சொன்னாரு. நீ தாங்க மாட்ட, நீ ஒரு மாதிரி இருக்கன்னு. நான் முடியாதுன்னுட்டேன்.” மச்சான் குரல் இறங்கியது. “இன்னொரு தடவ அவனக் கதவுக்கு வெளிய நிக்க வெச்சீங்கன்னா அவன் அங்கயே நின்னுடுவான் டாக்டர், அப்புறம் யாராலயும் நகத்த முடியாதுன்னு சொன்னேன். அதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுமா?”

“பாக்கலாம்னாரு.”

“பாக்கலாம்னாரு.”

அவன் மோதிரத்தைப் பையிலிருந்து எடுத்தான். பஞ்சைப் பிரித்தான். போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே திரும்பவும் கூப்பிடுவார்கள். மறுபடி சுற்றி வைத்தான்.

கூப்பிட்டார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தொட்டுக் காட்டினார். நுனி கொஞ்சம் அதிகமாக உள்ளே போயிருக்கிறது. இத்துனூண்டு வெளியே இழுக்க வேண்டும். இழுத்துவிட்டால் சரியான இடம். இழுக்கும்போது அவன் மறுபடி பிடித்துக்கொண்டான். கைகழுவப் போகுமுன், யாரும் கேட்காமல் திரையைத் தானே சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தான். டாக்டர் இழுத்து ஒட்டினார். மறுபடி ஒரு படம். இந்தத் தடவை டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

“இன்னும் கிருமி போகணும். வயிறு வடியணும். ரெண்டு மூணு நாள் எப்படிப் போகுதுன்னு...” என்று தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

“பாக்கலாம்” என்றான் அவன்.

எல்லோரும் போன பிறகு கர்ஃப்யூ குழாயின் முனையில் ஆகாரத்தைப் பொருத்தினாள். பால் நிறமான கரைசல். பம்பு மெல்ல உறுமத் தொடங்கியது. அவன் தொட்டிலின் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம்.

“சிஸ்டர். பிரசவ அறையிலயும் இப்படித்தான் திருப்பி வெப்பாங்களா?”

அவள் கை நின்றது. அட்டையில் இருந்த பெயரை மறுபடி பார்த்தாள். ஏதாவது ஆறுதல் சொல்வாள் என்று அவன் காத்திருந்தான். வந்தால் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தது.

“தெரியாது சார்” என்றாள். “நான் அங்க இல்ல. என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நீங்க கேக்கணும். கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. யாரக் கேக்கணும்னு வேணா நான் சொல்றேன்.”

“கேப்பேன்.”

“கேளுங்க. ஆனா இன்னைக்கு வேணாம். இன்னைக்கு கை இவளுக்கு வேணும்.”

அவன் தலையாட்டினான். அவள் மானிட்டரை அவன் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நடந்து போனாள்.

அவன் எண்களைப் படித்தான். நீலம் தொண்ணூற்றைந்து. பம்பில் ஓடும் அளவையும் படித்தான். குனிந்து, குழாயில் வளைவு ஏதும் இருக்கிறதா என்று நீளம் முழுக்கப் பார்த்தான். மறுபடி எண்ணைப் படித்தான். பழக்கம் அது. போகாது. பிறகு கைகழுவும் தொட்டிக்குப் போய், சுடுதண்ணீரைத் திறந்து, இரண்டு கைகளையும் அதன் அடியில் நீட்டிக்கொண்டு, அவை சூடேறும்வரை நின்றான்.